நாய், பூனை வளர்க்கும் வீட்டுக்கு வேக்குவம் கிளீனர் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

நாயோ பூனையோ வளர்ப்பவர்கள் வேக்குவம் கிளீனர் வாங்கச் செல்லும்போது பெரும்பாலும் மோட்டாரின் வாட் அளவில் தொடங்கி விலையில் முடித்துவிடுகிறார்கள். முடி எங்கே விழுகிறது, எதில் ஒட்டிக்கொள்கிறது, உறிஞ்சிய பிறகு எங்கே போய்ச் சேருகிறது என்ற மூன்று கேள்விகளும் கேட்கப்படாமலே போய்விடுகின்றன.

எங்கள் வீட்டில் ஒரு லாப்ரடாரும் ஒரு நாட்டுப் பூனையும் இருக்கின்றன. எங்கள் அடுக்ககத்தில் நாய் வளர்க்கும் குடும்பங்கள் சிலவற்றுக்கு இந்தக் கருவியை வாங்க நானும் உடன் சென்றிருக்கிறேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுமாறினார்கள். ஆகவே கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாமல் பின்பற்றும்படி கேட்டுக்கொள்கிறேன். முந்தைய படியின் விடை கையில் இல்லாமல் அடுத்த படியில் சரியான முடிவை எடுக்க இயலாது.

தொடங்கும் முன் வேண்டியவை: ஓர் இஞ்ச் டேப், அகலமான செல்லோ டேப், ஒரு ஜோடி ரப்பர் கையுறை, சில சிறிய பாலித்தீன் உறைகள், குறித்துக்கொள்ள ஒரு தாள்.

1. ஒரு வாரம் முடியைச் சேகரித்துப் பாருங்கள்

கூடத்துத் தரை, கட்டிலுக்கு அடி, சோபா, மெத்தை, பிராணி படுக்கும் இடம் என்று ஐந்து உறைகளில் பெயர் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் அந்தந்த இடத்தில் கிடைக்கும் முடியை அந்தந்த உறையில் போட்டு வாருங்கள். சோபாவிலும் மெத்தையிலும் துடைப்பம் வேலை செய்யாது. ரப்பர் கையுறையை லேசாக நனைத்து அணிந்துகொண்டு, துணியின் மேல் ஒரே திசையில் இழுத்தால் முடி சுருண்டு திரியாகத் திரண்டு வரும்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்றால், கண்ணுக்குத் தெரியும் முடியும் உண்மையில் தேங்கும் முடியும் ஒன்றல்ல. நம் வீடுகளில் மின்விசிறி நாள் முழுவதும் சுழல்வதால் தரையில் விழும் முடி நடுக்கூடத்தில் நிற்பதில்லை. சுவரோரத்துக்கும் கட்டிலடிக்கும் பீரோவின் பின்புறத்துக்கும் ஒதுங்கிவிடுகிறது. எங்கள் வீட்டில் முதல் வாரம் நிறைந்தது கூடத்து உறையன்று, கட்டிலடி உறைதான். அங்கே முடியும் தூசியும் நூலும் சேர்ந்து, கோழிமுட்டை அளவில் சாம்பல் நிறப் பந்துகளாக உருண்டு கிடந்தன. சோபாவின் இருக்கையும் சாய்மானமும் சேரும் மடிப்பில் விரலை விட்டபோது, பஞ்சுத் தலையணையைப் பிரித்ததுபோல் மென்முடி கற்றையாக வந்தது.

அதே வாரத்தில் நான்கு அளவுகளையும் எடுத்து எழுதிக்கொள்ளுங்கள்: கட்டில், சோபா ஆகியவற்றின் அடியில் உள்ள இடைவெளியின் உயரம், அறைக் கதவுகளின் கீழ்ப்படி உயரம், மின்செருகியிலிருந்து அறையின் கடைசி மூலை வரை உள்ள தூரம், கருவியை வைக்கப்போகும் இடத்தின் அகலம். பின்னால் வரும் படிகளில் இந்த நான்கும் தேவைப்படும்.

2. எந்த வகை முடி என்று அறிந்துகொள்ளுங்கள்

லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரெட்ரீவர், நம் ஊரில் பொமரேனியன் என்று பொதுவாக அழைக்கப்படும் ஸ்பிட்ஸ் ஆகியவற்றுக்கு இரண்டு அடுக்கு ரோமம் உண்டு. மேலே விறைப்பான முடியும், அடியில் பஞ்சு போன்ற மென்முடியும் இருக்கும். அடிமுடி எடையில்லாதது, ஆனால் இடத்தை அடைக்கும். அரை லிட்டர் தூசிக் கலனை ஒரே அறையில் அது நிரப்பிவிடும். இவ்வகை நாய் உள்ள வீட்டுக்குக் கலனின் கொள்ளளவே முதல் நிபந்தனை.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற நாட்டு இனங்களுக்கு முடி குட்டையானது. உதிர்வது குறைவாகத் தோன்றினாலும், அந்தக் குட்டை முடி துணியின் நெசவுக்குள் ஊசிபோல் குத்தி நிற்கும். வெறும் உறிஞ்சுதலால் அது வெளிவராது. தட்டி எழுப்பும் பிரஷ் தேவைப்படும்.

பாரசீகப் பூனையின் முடி நீளமும் மென்மையும் உடையது. அது சுழலும் பிரஷ்ஷில் நூல்கண்டுபோல் சுற்றிக்கொள்ளும். வீட்டில் நீண்ட கூந்தல் உள்ளவர்கள் இருந்தால் அவர்களின் தலைமுடியையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். பிரஷ் சிக்கிவிட்டது என்று என்னிடம் கொண்டுவரப்பட்ட கருவிகளில் பாதிக்கு மேல் மனிதத் தலைமுடியால் நின்றவையே.

துணியில் முடி எவ்வளவு ஆழமாகப் பதிந்துள்ளது என்பதை அறிய, சோபாவின் ஓரிடத்தில் செல்லோ டேப்பை அழுத்தி எடுங்கள். இரண்டு முறையில் துணி சுத்தமானால் சாதாரண சோபா முனையே போதும். ஐந்தாறு முறை எடுத்தும் முடி வந்துகொண்டே இருந்தால், மோட்டாரால் சுழலும் சிறு பிரஷ் கட்டாயம் என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

3. ஒவ்வாமை உள்ளவர் இருக்கிறாரா என்பதை இப்போதே முடிவுசெய்யுங்கள்

தும்மலுக்கும் மூச்சிரைப்புக்கும் முடிதான் காரணம் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் ஒவ்வாமையைத் தூண்டுவது பிராணியின் எச்சிலிலும் தோல் சுரப்பிலும் உள்ள புரதங்கள். பூனை தன்னை நக்கிக்கொள்ளும்போது அப்புரதம் முடியில் படிந்து, காய்ந்து, மிக நுண்ணிய துகளாகக் காற்றில் மிதக்கிறது. முடி உதிராத பிராணியாலும் ஒவ்வாமை வருவதற்கு இதுவே காரணம்.

இந்தக் கேள்வியை முன்கூட்டியே முடிவுசெய்யச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. முடியை எடுப்பதற்குத் தேவையானது காற்றோட்டமும் பிரஷ்ஷும். நுண்துகளை அடக்குவதற்குத் தேவையானது ஃபில்டரும் காற்றுக் கசியாத உடலும். ஆஸ்துமா உள்ள குழந்தையோ முதியவரோ வீட்டில் இருந்தால், ஏழாவது படியில் சொல்லப்படுபவை விருப்பத்துக்குரியவை அல்ல, கட்டாயமானவை.

4. கருவியின் வகையைத் தீர்மானியுங்கள்

இப்போது உங்கள் தாளில் உறைகளின் விவரம், முடியின் வகை, அளவுகள் எல்லாம் இருக்கின்றன. இவற்றை வைத்தே வகையை முடிவுசெய்ய வேண்டும்.

கம்பியுடன் கூடிய, சக்கரத்தில் இழுத்துச் செல்லும் வகை, தொடர்ந்து ஒரு மணி நேரம் ஓடினாலும் உறிஞ்சும் திறன் பேட்டரியை நம்பி இராது என்பதால் பெரிய நாய் உள்ள வீட்டுக்கு நம்பகமானது. மின்செருகியிலிருந்து கடைசி மூலை வரை நீங்கள் எடுத்த அளவோடு, மின்கம்பியின் நீளத்தையும் குழாயின் நீளத்தையும் கூட்டி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஈரமும் உலர்வும் எடுக்கும் டிரம் வகைக்கு 10 லிட்டருக்கு மேல் கலன் இருக்கும். குட்டி நாய் சிறுநீர் கழிக்கும் வீட்டுக்கும், மழைக்காலத்தில் பால்கனியில் தண்ணீர் சேரும் வீட்டுக்கும் இது உதவும். ஆனால் பலர் இதை வாங்கிய பின், ஈரமான முடியை இரவு முழுவதும் டிரம்முக்குள்ளேயே விட்டுவிடுகிறார்கள். மறுநாள் கருவியை ஓட்டினால் அழுகல் நாற்றம் வீடு முழுவதும் பரவும். ஈரத்தை எடுத்த அன்றே கழுவிக் காயவைக்க இயலாதவர்கள் இந்த வகையைத் தவிர்ப்பதே நல்லது.

பேட்டரியில் இயங்கும் கோல் வகை, கையில் எடுத்தவுடன் வேலையைத் தொடங்கலாம் என்பதால் தினமும் பயன்படுத்தப்படும். முடி உள்ள வீட்டில் வாரம் ஒரு முறை பெரிதாகச் சுத்தம் செய்வதைவிட, தினமும் பத்து நிமிடம் எடுப்பதே பலன் தரும்; முடி துணிக்குள் இறங்குவதற்கு முன்பே அது போய்விடுகிறது. இரண்டு படுக்கையறை வரையுள்ள வீட்டுக்கும் பூனை வீட்டுக்கும் என் முதல் தேர்வு இதுதான். கலன் சிறியது என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ரோபோ வகை பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டிலடியில் சேரும் முடியைத் தினமும் எடுக்க இதைப்போல் உதவும் கருவி வேறில்லை. ஆனால் பெரும்பாலான ரோபோக்களின் உயரம் 10 சென்டிமீட்டரை ஒட்டியது. உங்கள் கட்டிலடி இடைவெளி அதைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்று தாளைப் பாருங்கள். பொதுவாக 2 சென்டிமீட்டருக்கு மேல் உள்ள கதவுப்படியை அது ஏறாது. படிக்கட்டிலிருந்து விழாமல் இருக்க அதன் அடியில் அகச்சிவப்பு ஒளி உணரிகள் உள்ளன. கறுப்புத் தரை அந்த ஒளியை விழுங்கிவிடுவதால், அறை வாசலில் பதித்த கறுப்பு கிரானைட் பட்டையைப் பள்ளம் என்று எண்ணிச் சில ரோபோக்கள் திரும்பிவிடும்.

இன்னும் முக்கியமானது, வீட்டுக்குள் மலம் கழிக்கும் குட்டியோ முதிய நாயோ இருந்தால் ரோபோவை ஆளில்லாத நேரத்தில் ஓடவிடக் கூடாது. எங்கள் அடுக்ககத்தில் ஒரு குடும்பம் விடியற்காலை ஐந்து மணிக்கு நேரம் வைத்துவிட்டுத் தூங்கியது. நாய்க்குட்டி கூடத்தில் மலம் கழித்திருந்தது. ரோபோ அதன் மேல் ஏறி, மூன்று அறைகளுக்கும் கோடு கோடாக அதைப் பூசிவிட்டிருந்தது. சக்கரம், பிரஷ், தூசிக் கலன் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவ ஒரு நாள் பிடித்தது. சோபாவையும் மெத்தையையும் ரோபோ தொடாது என்பதால், அதை வாங்கினாலும் கையில் பிடிக்கும் கருவி ஒன்று கூடவே தேவைப்படும்.

5. உறிஞ்சும் வாயைப் பாருங்கள். மோட்டாரைப் பிறகு பார்க்கலாம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் மனத்தில் வைக்க இயலும் என்றால் இதையே வைத்துக்கொள்ளுங்கள். தரையைத் தொடுவது மோட்டார் அன்று, வாய்ப்பகுதி. அது பொருந்தாவிட்டால் எவ்வளவு பெரிய மோட்டாரும் வீண்.

நான் முதலில் வாங்கிய கருவிக்கு 2,000 வாட் மோட்டார் இருந்தது. அதன் தரை முனையின் முன்புறம் முழுவதும் அடர்ந்த பிரஷ் வரிசை. டைல்ஸ் தரையில் தள்ளியபோது முடி வாய்க்குள் போகவில்லை. பிரஷ் அதைத் திரட்டி முன்னால் தள்ளிக்கொண்டே போய் ஃபிரிட்ஜின் அடியில் சேர்த்தது. முனையைத் தூக்கினால் மட்டுமே முடி உள்ளே போனது. கடையில் அந்தக் கருவி மணலையும் அரிசியையும் அருமையாக எடுத்துக் காட்டியது. முடியை வைத்து நான் சோதிக்கவில்லை.

டைல்ஸ், மொசைக், காவித் தரை, ஆத்தங்குடிக் கல் போன்ற கடினமான தரைகளுக்கு முனையின் முன்விளிம்பில் இடைவெளி இருக்க வேண்டும், அல்லது அந்தப் பிரஷ் வரிசையை உள்ளே மடக்கும் விசை இருக்க வேண்டும். முடிக்கற்றை நுழைய வழி வேண்டும் என்பதே காரணம். மென்மையான துணி உருளை பொருத்திய முனை கடினத் தரைக்கு மிகவும் ஏற்றது. முடியைச் சிதறடிக்காமல் உருட்டி உள்ளே கொடுக்கும்.

கம்பளம், மெத்தை, சோபா ஆகியவற்றுக்குச் சுழலும் உருளை பிரஷ் தேவை. இதில் இரண்டு விதம் உண்டு. உறிஞ்சும் காற்றாலேயே சுழல்வது ஒன்று. தனி மோட்டாரால் சுழல்வது மற்றொன்று. காற்றால் சுழலும் பிரஷ் துணியில் சற்று அழுத்தினால் நின்றுவிடும். கலன் பாதி நிறைந்து காற்றோட்டம் குறைந்தாலும் வேகம் இழக்கும். செல்லோ டேப் சோதனையில் முடி ஐந்தாறு முறைக்கு மேல் வந்த வீட்டுக்குத் தனி மோட்டார் பிரஷ்ஷையே வாங்குங்கள்.

உருளையில் நாரிழை மட்டும் இருந்தால் நீண்ட முடி சுற்றிக்கொள்ளும். ரப்பர் வரிப்பட்டைகள் கொண்ட உருளையில் சுற்றுவது குறைவு. எந்த உருளையாக இருந்தாலும், கருவி இல்லாமல் கையாலேயே அதைக் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். உருளையின் இரு முனைகளிலும் உள்ள பேரிங்கில்தான் முடி இறுகிச் சுற்றிக்கொள்ளும்; அங்கே எட்ட முடியாவிட்டால் சில மாதங்களில் உருளை சுழல்வதை நிறுத்திவிடும்.

கோரைப்பாய் உள்ள வீட்டார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுழலும் பிரஷ் பாயின் கோரையைப் பிய்த்துவிடும். பாய்க்கு, சிறிய மென்பிரஷ் முனையை நெசவின் திசையிலேயே ஓட்டுங்கள். கட்டில் இடுக்கு, சோபா மடிப்பு, கார் இருக்கை ஆகியவற்றுக்குத் தட்டையான இடுக்கு முனை உடன் வருகிறதா என்பதையும் பெட்டியைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. எண்களைச் சரியாகப் படியுங்கள்

வாட் என்பது கருவி இழுக்கும் மின்சாரத்தின் அளவே தவிர, உறிஞ்சும் திறனின் அளவன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பரில் வீட்டு வேக்குவம் கிளீனர்களுக்கு 1,600 வாட் என்ற வரம்பை விதித்து, 2017 செப்டம்பரில் அதை 900 வாட்டாகக் குறைத்தது. அங்கே வீடுகள் அதனால் அழுக்காகிவிடவில்லை. நிறுவனங்கள் காற்றுவழியையும் முனையையும் திருத்தி அமைத்தன.

உறிஞ்சும் திறனுக்கு இரண்டு அளவுகள் உண்டு. பாஸ்கல் என்பது குழாயை முழுவதும் அடைத்த நிலையில் உள்ளே உருவாகும் இழுவிசை. விநாடிக்கு இத்தனை லிட்டர் என்பது குழாய் திறந்திருக்கும்போது செல்லும் காற்றின் அளவு. மெத்தைக்குள் புதைந்த துகளைப் பெயர்க்க முதலாவது உதவும். பெயர்ந்த முடியைத் தூக்கிக்கொண்டு கலன் வரை செல்வது இரண்டாவது. இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்தில் இருப்பதில்லை.

ஆகவே பாஸ்கலை மட்டும் பெரிதாக அச்சிட்டுக் காற்றோட்டத்தைச் சொல்லாத பெட்டியைக் கண்டால் விற்பனையாளரிடம் கேளுங்கள். ஏர் வாட் என்ற அளவு தரப்பட்டிருந்தால் அது இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டது. கிலோ பாஸ்கலையும் விநாடிக்கான லிட்டரையும் பெருக்கினால் வாட் கிடைக்கும். உச்ச அளவுகள் இரண்டையும் பெருக்கி நான்கால் வகுத்தால், அக்கருவியின் ஏர் வாட் ஏறக்குறைய எவ்வளவு என்று தெரிந்துவிடும். எடுத்துக்காட்டாக, 20 கிலோ பாஸ்கலும் விநாடிக்கு 30 லிட்டரும் உச்சமாக உள்ள கருவி சுமார் 150 ஏர் வாட் தரும். ஒரே வகையைச் சேர்ந்த கருவிகளுக்கு இடையில் மட்டும் இந்த ஒப்பீட்டைச் செய்யுங்கள்.

7. ஃபில்டர், பை, தூசிக் கலன்

ஹெப்பா, அதாவது நுண்துகளையும் தடுக்கும் உயர்தர ஃபில்டர், என்ற சொல் பெட்டியில் இருப்பதாலேயே அது ஹெப்பா ஆகிவிடாது. அமெரிக்க அளவுகோலின்படி 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தைத் தடுப்பதே ஹெப்பா. ஐரோப்பிய வகைப்பாட்டில் எச் 13 என்ற தரம் 99.95 சதவீதத்தைத் தடுக்க வேண்டும். இந்த எண்களோ தரக்குறியோ இல்லாமல் ஹெப்பா வகை, ஹெப்பா போன்றது என்று மட்டும் எழுதியிருந்தால், ஒவ்வாமை உள்ள வீட்டுக்கு அது ஏற்றதன்று.

ஃபில்டர் நல்லதாக இருந்தும், உடலின் மூட்டுகளில் காற்றுக் கசிந்தால் துகள்கள் அவ்வழியே அறைக்குத் திரும்பிவிடும். இருட்டில் கருவியை ஓடவிட்டு, டார்ச் ஒளியை மூட்டுகளின் மேல் சாய்வாகப் பாய்ச்சினால் தூசி பறப்பது தெரியும்.

பையா, பையில்லாக் கலனா என்ற கேள்விக்கு என் விடை தெளிவானது: ஒவ்வாமை உள்ளவர் இருந்தால் பை, இல்லையென்றால் கலன். பையை அப்படியே மூடி எறியலாம். கலனைத் திறந்து கொட்டும்போது ஒரு தூசி மேகம் எழும். கலனைக் கொட்டுபவர் ஒவ்வாமை உள்ளவராக இருந்தால், அதுவரை செய்த சுத்தம் வீணாகிவிடும். பை உள்ள கருவியை வாங்குவதற்கு முன், அதே பை உங்கள் ஊரில் கிடைக்கிறதா, ஆண்டுக்கு எத்தனை தேவைப்படும் என்று கணக்கிட்டு, அந்தத் தொகையை விலையோடு சேர்த்துப் பாருங்கள்.

கலனை வாங்குபவர்கள் அதன் வாயின் அகலத்தைப் பார்க்க வேண்டும். அடிமுடி கலனுக்குள் வலைக்கூம்பைச் சுற்றி இறுகிக்கொள்ளும். கை நுழையாத கலனில் குச்சியால் நோண்டித்தான் எடுக்க நேரும்.

கழுவக்கூடிய ஃபில்டருக்கு உதிரி ஒன்றைக் கருவியுடனேயே வாங்கிவிடுங்கள். கழுவிய ஃபில்டர் காய வெயில் காலத்தில் 24 மணி நேரம் போதும்; ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு நாள்கூட ஆகும். முழுவதும் காய்வதற்கு முன் பொருத்தினால் பூஞ்சை நாற்றம் பற்றிக்கொள்ளும், ஈரத்தில் தூசி களிபோல் ஒட்டிக் காற்றுவழி அடைபடும். உதிரி ஒன்று கையில் இருந்தால் அவசரம் வராது.

8. மின்செருகியும் பேட்டரியும்

நம் வீடுகளில் சாதாரண மின்செருகி 6 ஆம்பியர் தாங்கும். 230 வோல்ட்டில் அது 1,380 வாட் வரைதான். 1,600 வாட் கருவி ஏறக்குறைய 7 ஆம்பியர் இழுக்கும் என்பதால் 16 ஆம்பியர் செருகி தேவை. கூடத்திலும் படுக்கையறையிலும் அத்தகைய செருகி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்சாதன எந்திரத்துக்கு வைத்த செருகி பெரும்பாலும் சுவரின் உச்சியில் இருக்கும். அதை நம்பி வாங்க முடியாது. மெல்லிய கம்பியுள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இவ்வளவு மின்சாரத்தை இழுத்தால் கம்பி சூடேறும். ஒரு வீட்டில் செருகி உருகியதையே பார்த்திருக்கிறேன்.

பேட்டரிக் கருவியின் விளம்பரத்தில் சொல்லப்படும் நிமிடங்கள், குறைந்த வேகத்தில், மோட்டார் பிரஷ் இல்லாமல் ஓடும் நேரம். உச்ச வேகத்தில் பல கருவிகள் 10 நிமிடத்துக்கு மேல் தாங்குவதில்லை. சோபாவுக்கும் மெத்தைக்கும் அந்த உச்ச வேகம்தான் தேவைப்படும் என்பதால், உச்ச வேகத்துக்கான நிமிடத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பேட்டரியைத் தனியே கழற்ற முடிவதும், உதிரியாக வாங்க முடிவதும் கட்டாயம். லித்தியம் பேட்டரி வெப்பத்தில் விரைவாகத் தளர்வதால், வெயில் விழும் பால்கனிச் சுவரில் சார்ஜ் பலகையை மாட்டாதீர்கள்.

9. பிராணியின் காது

மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாய்க்கு ஏறக்குறைய 45,000, பூனைக்கு 60,000க்கும் மேல். நமக்குக் கேட்காத மோட்டார் கீச்சொலியும் அவற்றுக்குக் கேட்கும். டெசிபல் அளவில் 10 கூடினால் நம் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும் என்பதால், 70க்கும் 80க்கும் உள்ள வேறுபாட்டைச் சிறியதாக எண்ண வேண்டாம். வேகத்தைப் படிப்படியாகக் கூட்டும் விசை உள்ள கருவியைத் தேர்ந்தெடுங்கள்.

10. கடையில் செய்ய வேண்டிய சோதனை

உங்கள் பிராணியின் முடியையே ஓர் உறையில் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் வைத்திருக்கும் பஞ்சும் தெர்மோகோல் மணியும் முடியைப்போல் நடந்துகொள்ளாது.

முதலில் முடியைத் தரையில் தூவி, முனையைத் தூக்காமல் முன்னால் தள்ளச் சொல்லுங்கள். முன்னால் திரண்டு நகர்ந்தால் அந்த முனை வேண்டாம். அடுத்து ஒரு பழைய துணி இருக்கையில் முடியை உள்ளங்கையால் தேய்த்துப் பதித்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். மூன்றாவதாகச் சுவரும் தரையும் சேரும் மூலையில் ஓட்டிப் பாருங்கள். கடைசியாக, கலனை நீங்களே திறந்து கொட்டி, உருளையையும் நீங்களே கழற்றி மாட்டுங்கள். விற்பனையாளர் செய்து காட்டுவது போதாது; அவருக்கு அது கைப்பழக்கம்.

இணையத்தில் வாங்குபவர்கள் இந்த நான்கு சோதனைகளையும் திருப்பித்தரும் கெடு முடிவதற்குள் வீட்டில் செய்துவிட வேண்டும். அதுவரை பெட்டியையும் உள் அட்டைகளையும் எறியாதீர்கள். உத்தரவாதத்தில் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் வெவ்வேறு காலம் தரப்படுவது வழக்கம். இரண்டையும் தனித்தனியே படியுங்கள். பழுது பார்க்கும் மையம் உங்கள் ஊரில் உண்டா, அல்லது கருவியை வேறு நகரத்துக்கு அனுப்ப வேண்டுமா என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

11. வீட்டுக்கு வந்த பின்

முதல் மூன்று நாள் கருவியை ஓட்டாமல் கூடத்தில் வைத்துவிடுங்கள். நாய் மோந்து பார்க்கட்டும், பூனை அதன் மேல் உரசட்டும். அடுத்த நாளில் பிராணி சாப்பிடும்போது தொலைவிலுள்ள அறையில், கதவைச் சாத்தி, குறைந்த வேகத்தில் ஒரு நிமிடம் ஓட்டுங்கள். தினமும் சற்று நெருங்கி வாருங்கள். முதல் நாளே முழு வேகத்தில் ஓட்டினால் ஏற்படும் அச்சம் மாதக்கணக்கில் நீடிக்கும். பிராணியின் உடல்மேல் முனையை நேராக வைக்க வேண்டாம்.

சுத்தம் செய்யும் வரிசை இதுதான்: மின்விசிறியை நிறுத்துதல், சோபாவும் மெத்தையும், பிறகு தரை, கடைசியில் ஈரத்துணியால் துடைத்தல். மேலிருந்து கீழே வந்தால்தான் உதிரும் முடியைத் தரையில் ஒரே முறையில் எடுக்க முடியும். துடைத்த பிறகு வேக்குவம் போட்டால் ஈர முடி டைல்ஸில் ஒட்டிக்கொண்டு அசையாது, குழாய்க்குள்ளும் படியும்.

உலர் கருவியால் சிறுநீர், வாந்தி, ஈரமான மலம் ஆகியவற்றை எடுக்கக் கூடாது. ஈரம் மோட்டார் வரை சென்றுவிடும். பூனை மணலில் பெரும்பாலானவை பென்டோனைட் களிமண்ணால் ஆனவை. அதன் நுண்தூள் ஃபில்டரை அடைக்கும். அந்த ஃபில்டரைக் கழுவினால் களிமண் கெட்டியாகிவிடும். சிதறிய பூனை மணலை முறத்தில் அள்ளிவிட்டு மிச்சத்தை மட்டும் உறிஞ்சுங்கள். கோலமாவு, விபூதி, ஊதுவத்திச் சாம்பல் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

12. உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் உள்ள வீட்டுக்கு

தெள்ளுப்பூச்சியின் முட்டை அரை மில்லிமீட்டர் நீளமுள்ளது, பிசுபிசுப்பற்றது. பிராணியின் உடலிலிருந்து உருண்டு, அது படுக்கும் இடத்தில் விழும். முட்டையையும் புழுவையும் உறிஞ்சி எடுக்கலாம். கூட்டுப்புழு தன் கூட்டால் நூலிழைகளைப் பற்றிக்கொள்வதால் எளிதில் வராது. ஆனால் கருவியின் அதிர்வு அதைக் கூட்டிலிருந்து வெளியே வரத் தூண்டும். அப்படி வந்த பூச்சியை மறுநாள் எடுக்கலாம் என்பதால், மருத்துவம் நடக்கும் காலத்தில் ஒரு நாளும் விடாமல் போட வேண்டும்.

நாய் உண்ணி வேறு விதம். இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவரில் ஏறி, விரிசலிலும் கதவு நிலையின் இடுக்கிலும் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். தரையை மட்டும் சுத்தம் செய்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். இடுக்கு முனையை நிலை, சன்னல் சட்டம், கட்டில் மூட்டு, நாய் படுக்கும் மூலையில் ஆளுயரம் வரையுள்ள சுவர் விரிசல் எல்லாவற்றிலும் ஓட்டுங்கள். கால்நடை மருத்துவர் தரும் மருந்து இல்லாமல் இது மட்டும் உண்ணியை ஒழிக்காது.

உறிஞ்சப்பட்ட உண்ணி கலனுக்குள் சாவதில்லை; மறுபடி வெளியே ஏறி வந்துவிடும். வேலை முடிந்தவுடன் கலனை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், சோப்புத் தண்ணீர் நிறைந்த பக்கெட்டுக்குள் கொட்டி, மறுநாள் வரை மூடிவையுங்கள். பை என்றால் பாலித்தீன் உறையில் இட்டு இறுக முடிந்து அன்றே குப்பைக்கு அனுப்புங்கள். கலனுக்குள் நாப்தலின் உருண்டையோ பூச்சிமருந்துப் பொடியோ போடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. கருவியின் காற்று அறைக்குள்தான் வெளியேறுகிறது; நாப்தலின் பூனைக்கு நஞ்சு.